தொலைதூர வட்டாரத்துக்கான கலை வளர்ச்சித் திட்டம்: ஓர் ஆலோசனைச் சேவையின் மதிப்புரை

ஒரு வட்டாரத்தின் கலை, பண்பாட்டு வளர்ச்சிக்குப் பத்தாண்டுத் திட்டம் வகுத்துத் தரும் ஆலோசனை நிறுவனம் ஒன்றை எங்கள் கலைக் குழு அமர்த்தியது. அவர்களுடைய அறிக்கை கைக்கு வந்து மூன்று ஆண்டுகள் முடிந்துவிட்டன. வந்த வாரத்திலேயே எழுதியிருந்தால் அதன் அச்சையும் வரைபடங்களையும் படங்களையும் மனமாரப் பாராட்டியிருப்பேன். மூன்று ஆண்டுகள் அதை மேசையில் வைத்துக்கொண்டு வேலை செய்த பிறகு, எது பயன்பட்டது, எது பக்கம் புரட்டப்படாமலே கிடக்கிறது என்பதைச் சொல்லும் நிலையில் இருக்கிறேன். நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. அவர்களிடம் நான் கண்ட குறைகள் இந்தத் துறையில் பலரிடமும் காணக்கூடியவை. அவர்கள் சிறப்பாகச் செய்த பகுதியை எந்த நிறுவனத்திடமும் கேட்டுப் பெறலாம். தொலைதூரப் பகுதியில் இருந்துகொண்டு இப்படியொரு சேவையைப் பெற நினைப்பவர்களுக்கு இந்த மதிப்புரை உதவ வேண்டும் என்பதே என் எண்ணம்.

சேவை நான்கு கட்டங்களாக நடந்தது. முதலில் களக் கணக்கெடுப்பு, அதன் பின் பொதுக் கூட்டங்கள், பிறகு வரைவு அறிக்கை, கடைசியில் செயல்திட்டத்தோடு கூடிய இறுதி அறிக்கை. மொத்தம் பதினெட்டு மாதங்கள். ஒப்பந்தத்தில் சொன்ன கால அளவை அவர்கள் மீறவில்லை. கேட்ட விளக்கங்களுக்கெல்லாம் பதில் தந்தார்கள். நிர்வாக ஒழுங்கைப் பற்றி எனக்குக் குறை எதுவும் இல்லை.

களக் கணக்கெடுப்பைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தச் சேவையில் கொடுத்த பணத்துக்கு முழு மதிப்பும் கிடைத்தது அந்த ஒரு கட்டத்தில்தான் என்று உறுதியாகக் கூறுவேன். இரண்டு களப்பணியாளர்கள் வந்தார்கள். இருவரும் விடுதியில் தங்காமல் ஊர்களிலேயே மாறி மாறித் தங்கினார்கள். எங்கள் குழுவிடம் ஏற்கெனவே கலைஞர்களின் பட்டியல் ஒன்று இருந்தது. மேடை ஏறியவர்கள், பரிசு பெற்றவர்கள், அரசு விழாக்களுக்கு அழைக்கப்பட்டவர்கள் ஆகியோரின் பெயர்கள் அதில் இருந்தன. களப்பணியாளர்கள் அந்தப் பட்டியலை வாங்கி வைத்துக்கொண்டு, வேறு கேள்விகளோடு வீடு வீடாகப் போனார்கள். "உங்களுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? உங்களிடம் இப்போது யார் கற்றுக்கொள்கிறார்கள்? கருவி பழுதானால் யாரிடம் கொண்டுபோகிறீர்கள்? ஒத்திகை எங்கே, எந்த நேரத்தில் நடக்கிறது? எந்த மாதங்களில் நீங்கள் ஊரில் இருக்க மாட்டீர்கள்?" ஐந்தே கேள்விகள்தான்.

முரசு செய்யும் பெரியவர் ஒருவரின் வீட்டுக்கு அவர்களோடு நானும் போயிருந்தேன். அவர் எங்கள் பட்டியலில் இல்லை. அவர் மேடையில் வாசித்ததில்லை. அதனால் எங்கள் கண்ணுக்குக் கலைஞராகத் தெரியவில்லை. தாழ்வாரத்தில் தோலை நீரில் ஊறப்போட்டிருந்தார். வளையத்துக்கான மரத்தைப் பதப்படுத்த எத்தனை மாதம் ஆகும், தோல் எங்கிருந்து வருகிறது, எந்த மழைக்காலத்தில் வேலையை நிறுத்த வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கட்டைவிரலால் தோலின் விளிம்பை அழுத்திப் பார்த்து, "இது இன்னும் ரெண்டு நாள் கிடக்கணும்" என்றார். களப்பணியாளர், யார் கற்றுக்கொள்கிறார்கள் என்று கேட்டபோது பெரியவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "கேட்டு வந்தவங்க யாரும் இல்லம்மா" என்றார். எங்கள் வட்டாரத்தில் முரசு வாசிக்கும் குழுக்கள் பல இருந்தன. அத்தனை குழுக்களும் அந்த ஒரு தாழ்வாரத்தை நம்பியே இருந்தன என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. பல ஆண்டுகளாகக் கலைப் பணியில் இருக்கும் எனக்கு அது பெரிய அதிர்ச்சி. திட்டம் என்று ஒன்று தேவைப்பட்டதே இந்த உண்மையைக் கண்டுகொள்ளத்தான் என்று இன்றும் நினைக்கிறேன்.

இப்படிக் கேட்டுத் திரட்டியவற்றை ஓர் ஆண்டுக் கால அட்டவணையாகவும் வரைந்து கொடுத்தார்கள். விளைச்சல் வேலை, பருவக் கூலிக்காக வெளியூர் செல்லும் மாதங்கள், பாதை துண்டிக்கப்படும் வாரங்கள், பள்ளித் தேர்வுகள் எல்லாம் அதில் வெவ்வேறு நிறங்களில் குறிக்கப்பட்டிருந்தன. நாங்கள் ஆண்டுதோறும் பயிற்சி முகாம் நடத்திவந்த மாதம், கற்பிப்பவர்களில் பாதிப் பேர் ஊரிலேயே இல்லாத மாதம் என்பது அந்த அட்டவணையைப் பார்த்ததும் விளங்கியது. மறு ஆண்டே முகாமை மாற்றினோம். அதற்குத் தனியாகப் பணமோ அனுமதியோ தேவைப்படவில்லை.

மக்களைக் கேட்பது என்பது திட்டமிடுதலுக்கு முந்தைய சடங்காகப் பல இடங்களில் முடிந்துவிடுகிறது. கேட்பதே வளர்ச்சியின் தொடக்கமாக அமைந்த இடமும் உண்டு. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உள்ள ஃபோகோ தீவில் 1967ஆம் ஆண்டு தேசியத் திரைப்பட வாரியத்தைச் சேர்ந்த காலின் லோ, பல்கலைக்கழக விரிவாக்கத் துறையுடன் சேர்ந்து, தீவு மக்கள் தங்கள் நிலைமையைப் பேசுவதைச் சிறு சிறு படங்களாக எடுத்தார். தொலைதூரச் சிற்றூர்களைக் காலி செய்து மக்களை வேறிடங்களுக்குக் குடியமர்த்துவது அப்போதைய அரசின் போக்காக இருந்தது. எடுத்த படங்களை முதலில் தீவின் வெவ்வேறு ஊர்களில் திரையிட்டார்கள். ஒருவரோடொருவர் அதிகம் பேசாதிருந்த ஊர்கள், தங்கள் சிக்கல் ஒன்றேதான் என்பதைத் திரையில் கண்டன. பிறகு அதே படங்கள் ஆட்சியாளர்களுக்கும் காட்டப்பட்டன. தீவு மக்கள் கூட்டுறவு அமைப்பைத் தொடங்கி அங்கேயே தங்கினார்கள். எங்கள் களப்பணியாளர்கள் எடுத்த ஒலிப்பதிவுகளையும் அப்படியே ஊர்களுக்கு இடையே சுற்றுக்கு விட்டிருந்தால் எவ்வளவோ நடந்திருக்கும். அந்த யோசனை நிறுவனத்துக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் அப்போது தோன்றவில்லை.

பொதுக் கூட்டங்கள் கட்டத்தில் தரம் இறங்கிவிட்டது. கூட்டங்கள் வேலைநாட்களின் பிற்பகலில் வைக்கப்பட்டன. களப்பணியாளர்களே வரைந்து கொடுத்த கால அட்டவணை கையில் இருந்தும், கூட்ட நாட்களை நிறுவனத்தின் தலைமை அலுவலகம் தன் வசதிப்படி முடிவு செய்தது. வரைபடத்தில் ஒரு மைய ஊரைச் சுற்றி நாற்பது கிலோமீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டு, அந்த வட்டத்துக்குள் இருப்பவர்கள் அனைவரும் எளிதில் வந்து சேரக்கூடியவர்கள் என்று கொண்டார்கள். வட்டத்துக்குள் இருக்கும் ஓர் ஊரிலிருந்து ஆற்றைச் சுற்றிக்கொண்டு மூன்று மணி நேரம் வர வேண்டும். வட்டத்துக்கு வெளியே இருக்கும் வேறோர் ஊரிலிருந்து நல்ல சாலையில் முக்கால் மணி நேரத்தில் வந்துவிடலாம். தொலைதூர வட்டாரத்தில் தொலைவை நேரத்தாலும், வண்டி கிடைக்கும் வாய்ப்பாலும், திரும்பிப் போக வழி உண்டா என்பதாலும்தான் அளக்க வேண்டும். மாலை நிகழ்ச்சிக்கு வந்தவர் இரவு எங்கே தங்குவார் என்ற கேள்விக்கு விடை இல்லாமல் மாலை நிகழ்ச்சியைத் திட்டமிட முடியாது. இந்தப் பாடத்தை ஆலோசகர்கள் கற்றுக்கொண்டு வந்திருக்க வேண்டும். அவர்களுக்கு அதை நாங்கள் கற்பிக்க வேண்டியிருந்தது.

கூட்டங்களில் நடந்த ஒரு நிகழ்ச்சியை மட்டும் விரிவாகப் பதிவு செய்ய விரும்புகிறேன். வளர்ச்சி வாய்ப்புள்ள கலைகள் என்ற தலைப்பில் திரையில் ஓடிய பட்டியலில், துக்க வீட்டில் மட்டும் பாடப்படும் பாடல் வகை ஒன்றும் இடம்பெற்றிருந்தது. பார்வையாளர்களைக் கவரக்கூடியது என்ற குறிப்பும் அருகில் இருந்தது. பின்வரிசையில் இருந்த ஒரு மூதாட்டி எழுந்து, "அது காட்டுற பாட்டு இல்லப்பா, எடுத்துடுங்க" என்றார். குரலை உயர்த்தவில்லை. அரங்கம் அமைதியாகிவிட்டது. தலைமை ஆலோசகர் உடனே மன்னிப்புக் கேட்டு, அந்த வரியை அங்கேயே நீக்கினார். அவர் நடந்துகொண்ட முறையை மதிக்கிறேன். ஆனால் எதைப் பிறருக்குக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்ற கேள்வி களக் கணக்கெடுப்பின் ஐந்து கேள்விகளோடு ஆறாவதாக இருந்திருக்க வேண்டும். மரபுக் கலைகளைக் காக்கும் முயற்சியில் அவற்றை உருவாக்கி, பேணி, அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கும் சமூகங்களுக்கு இயன்ற அளவு முழுமையான பங்கு இருக்க வேண்டும் என்று யுனெஸ்கோவின் 2003ஆம் ஆண்டு உடன்படிக்கை கூறுகிறது. பங்கு என்பதில் மறுக்கும் உரிமையும் அடக்கம் என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

இனி அறிக்கைக்கு வருகிறேன். அதில் மிகுந்த கவர்ச்சியோடு அமைந்தது முன்மாதிரிகள் பற்றிய இயல். மிகுந்த ஏமாற்றத்தைத் தந்ததும் அதுதான். ஜப்பானின் எச்சிகோ-சுமாரி, அதே நாட்டின் நவோஷிமா தீவு, அமெரிக்காவின் மார்ஃபா, இன்றைய ஃபோகோ தீவு ஆகிய நான்கு இடங்களும் பக்கம் நிறையப் படங்களோடு வந்திருந்தன. நான்கும் நல்ல எடுத்துக்காட்டுகள்தான். ஆனால் அவை எப்படி அந்த நிலைக்கு வந்தன என்பதற்குப் பதில் இன்று எப்படி இருக்கின்றன என்பது மட்டுமே சொல்லப்பட்டிருந்தது. முளைத்த விதையையும் உழுத நிலத்தையும் விட்டுவிட்டுக் கதிரை மட்டும் காட்டுவதுபோல இருந்தது அந்த இயல்.

நீகாட்டா மாநிலத்தின் மலைப்பகுதியில், ஏறத்தாழ 760 சதுர கிலோமீட்டர் பரப்பில், மூன்றாண்டுக்கு ஒருமுறை நடக்கும் எச்சிகோ-சுமாரி கலைவிழா 2000ஆம் ஆண்டு தொடங்கியது. கடும் பனி பொழியும், இளைஞர்கள் வெளியேறிக்கொண்டிருந்த, முதியோர் மிகுந்த பகுதி அது. அதன் இயக்குநர் ஃபிராம் கிதகாவா முதல் விழாவுக்கு முன்பு சில ஆண்டுகள் ஊர் ஊராகப் போய்ப் பேச வேண்டியிருந்தது. உள்ளூரில் எதிர்ப்பு வலுவாகவே இருந்தது. கைவிடப்பட்ட வீடுகளையும் மூடப்பட்ட பள்ளிகளையும் கலைக்கூடங்களாக்கியது, வெளியிலிருந்து வந்த இளம் தன்னார்வலர்கள் முதிய உழவர்களோடு சேர்ந்து வேலை செய்தது, ஒரு படைப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழியில் பார்வையாளர் வயல்களையும் மலையையும் கடந்தே ஆக வேண்டும் என்று படைப்புகளை வேண்டுமென்றே சிதறலாக வைத்தது ஆகியவையே அந்த விழாவின் உயிர். கடைசியாகச் சொன்னது எனக்கு மிகவும் பிடித்த கருத்து. தொலைவைக் குறையென்று மறைக்காமல், விழாவின் அமைப்பாகவே ஆக்கிக்கொண்டார்கள். எங்கள் அறிக்கையோ, எச்சிகோ-சுமாரியின் படத்தைப் போட்டுவிட்டு, எல்லாவற்றையும் ஒரே மைய ஊரில் கூட்டுவதைப் பரிந்துரைத்தது.

நவோஷிமாவுக்குப் பின்னால் பெனெஸ்ஸே என்ற பெருநிறுவனத்தின் நீண்ட கால முதலீடு நிற்கிறது. கட்டடக் கலைஞர் தாதாவோ ஆண்டோ வடிவமைத்த பெனெஸ்ஸே இல்லம் 1992இலும், நிலத்துக்குள் புதைந்து அமைந்த சிச்சு அருங்காட்சியகம் 2004இலும் திறக்கப்பட்டன. பல தீவுகளை இணைக்கும் செதோவுச்சி கலைவிழா 2010இல்தான் வந்தது. அப்படிப்பட்ட புரவலர் இல்லாத வட்டாரம் நவோஷிமாவைப் பார்த்து என்ன கற்கலாம் என்று அறிக்கை சொல்லவில்லை. கற்கக்கூடியது அருகிலேயே இருக்கிறது. அதே கடற்பகுதியில் உள்ள சின்னஞ்சிறு ஒகிஜிமா தீவில் மாணவர் இல்லாமல் நிறுத்தப்பட்டிருந்த பள்ளி, கலைவிழாவுக்குப் பிறகு சில குடும்பங்கள் தீவில் குடியேற முன்வந்ததால் 2014இல் மீண்டும் திறந்தது. எங்கள் வட்டாரத்திலும் மூடும் நிலையில் பள்ளிகள் இருக்கின்றன. அறிக்கையில் நவோஷிமாவின் கட்டடங்களுக்குக் கொடுத்த பக்கங்களில் ஒன்றை இந்தப் பள்ளிக்குக் கொடுத்திருக்கலாம்.

மார்ஃபாவைப் பற்றி எழுதும்போது எச்சரிக்கையும் சேர்ந்தே வர வேண்டும். டெக்சஸ் மாநிலத்தின் மேற்குப் பாலைநிலத்தில், ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் வாழும் அந்த ஊருக்கு 1970களில் சிற்பி டொனால்ட் ஜட் குடிபெயர்ந்தார். பழைய படைமுகாம் கட்டடங்களில் அவர் அமைத்த சினாட்டி அறக்கட்டளை 1986இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. ஊர் உலகப் புகழ் பெற்றது. கூடவே வீட்டு விலை ஏறி, அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு வீடு எட்டாத பொருளாகிவிட்டது. கலை வளர்ச்சியால் நிலமும் வாடகையும் ஏறும்போது உள்ளூர்க்காரர்களுக்கு என்ன பாதுகாப்பு என்ற ஒரு பத்தியாவது எந்த வளர்ச்சித் திட்டத்திலும் இருக்க வேண்டும். எங்கள் அறிக்கையில் அப்படி ஒன்று இல்லை. நாங்கள் எழுத்துமூலம் கேட்ட பிறகு பின்னிணைப்பில் அரைப் பக்கம் சேர்த்தார்கள்.

ஃபோகோவை அவர்கள் ஓரளவு சரியாகவே விளக்கியிருந்தார்கள். 1992இல் காட் மீன் பிடிப்புக்குத் தடை வந்து தீவின் வாழ்வாதாரம் முறிந்ததையும், அங்கே பிறந்த ஸீட்டா காப் தன் உடன்பிறந்தோருடன் ஷோர்ஃபாஸ்ட் என்ற அறநிறுவனத்தை ஏற்படுத்தியதையும், 2013இல் திறந்த 29 அறைகள் கொண்ட விடுதியின் உபரி வருமானம் தீவுக்கே திரும்புவதையும் விவரித்திருந்தார்கள். விடுதிக் கட்டணத்தில் ஒவ்வொரு பங்கும் எங்கே செலவாகிறது, அதில் எவ்வளவு தீவிலேயே தங்குகிறது என்று வெளிப்படையாக அச்சிடும் அவர்களுடைய வழக்கத்தை நான் இந்த அறிக்கை வழியாகத்தான் அறிந்தேன். அதைப் பின்பற்றி, நாங்கள் நடத்தும் நிகழ்ச்சிகளின் வரவு செலவையும் அதே முறையில் நுழைவாயிலில் ஒட்டத் தொடங்கியிருக்கிறோம். படிப்பவர்கள் நின்று படிக்கிறார்கள், கேள்வியும் கேட்கிறார்கள்.

நான்கு முன்மாதிரிகளிலும் ஒரு பொதுத்தன்மை இருக்கிறது: வெளியிலிருந்து பார்வையாளர் வந்தால்தான் அவை இயங்கும். பார்வையாளர் வரவே முடியாத இடத்தில் கலை எப்படி வளர்ந்தது என்பதற்கான எடுத்துக்காட்டுகளை அறிக்கை முற்றிலும் விட்டுவிட்டது. எங்களுக்கு மிகத் தேவையாக இருந்தவை அவைதான். கனடாவின் வடக்கே, பாஃபின் தீவின் தென்மேற்கு முனையை ஒட்டிய கின்கைட் என்ற, இனூயிட் பழங்குடியினரின் ஊருக்கு இன்றும் வெளியிலிருந்து சாலை கிடையாது. கேப் டோர்செட் என்று முன்பு அழைக்கப்பட்ட அந்த ஊரில் ஜேம்ஸ் ஹூஸ்டன் என்பவர் 1950களின் இறுதியில் அச்சோவியப் பட்டறை உருவாக உதவினார். நுட்பம் கற்க அவர் ஜப்பானுக்கே போய் வந்தார். 1959இல் ஊர்க் கூட்டுறவுச் சங்கம் முதல் ஆண்டுத் தொகுப்பை வெளியிட்டது. அந்த மரபு ஆறு தசாப்தங்களைக் கடந்து நிற்கிறது. கெனோஜுவாக் அஷேவாக் போன்ற கலைஞர்கள் அந்தப் பட்டறை வழியாகத்தான் உலகுக்குத் தெரிந்தார்கள். விற்பனைக்கு 1978இல் டொரன்டோ நகரத்தில் தனிப் பிரிவைக் கூட்டுறவே தொடங்கியது. படைப்பு ஊரில் நடக்கிறது, விற்பனை வாங்குவோர் இருக்கும் நகரத்தில் நடக்கிறது, இரண்டுக்கும் உரிமையாளர் ஊர்தான். தாளும் மையும் கொண்டு செய்த படைப்பு எடை குறைந்தது, சுருட்டி அனுப்பக்கூடியது என்பதும் இங்கே சிறிய விஷயமல்ல. போக்குவரத்து அரிதான இடத்தில் எந்தக் கலைப்பொருள் உடையாமல் பயணம் செய்யும் என்பதுகூடத் திட்டத்தின் பகுதிதான்.

ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரிலிருந்து ஏறத்தாழ 240 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பப்புன்யாவின் வரலாறும் இதற்கு நெருங்கியது. 1971இல் ஜெஃப்ரி பார்டன் என்ற பள்ளி ஆசிரியரின் ஊக்கத்தில் அங்கே பழங்குடிப் பெரியவர்கள் பள்ளிச் சுவரில் தங்கள் மரபு ஓவியத்தைத் தீட்டினார்கள். மறு ஆண்டே கலைஞர்கள் தங்களுக்குச் சொந்தமான நிறுவனத்தை அமைத்துக்கொண்டார்கள். தொடக்க கால ஓவியங்களில் சடங்கு இரகசியங்கள் வெளிப்படுகின்றன என்று பிற குழுக்கள் ஆட்சேபித்தபோது, எதை வரையலாம் என்பதை ஓவியர்களே மாற்றிக்கொண்டார்கள். எங்கள் கூட்டத்தில் மூதாட்டி எழுந்து நின்றபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. பிற்காலத்தில் அந்தத் தொடக்க கால ஓவியங்கள் பல மறுவிற்பனையில் பெரும் விலைக்குப் போயும் ஓவியர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை என்ற குறை வலுத்தது; 2010 முதல் ஆஸ்திரேலியாவில் நடைமுறைக்கு வந்த சட்டம், குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட மறுவிற்பனைகளில் 5 விழுக்காட்டைப் படைப்பாளிக்கோ வாரிசுக்கோ உரியதாக்கியது. எங்கள் அறிக்கையின் நிதி இயலில் உரிமைத்தொகை என்ற சொல்லே ஓர் இடத்தில்கூட வரவில்லை.

அந்த நிதி இயலைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். நல்கைகளின், அதாவது நாங்கள் விண்ணப்பித்துப் பெறக்கூடிய நிதியுதவிகளின், பட்டியல் முழுமையாக இருந்தது. விண்ணப்பக் காலக்கெடுக்களும் சரியாக இருந்தன. ஏறக்குறைய அனைத்தும் புதிய முயற்சிகளுக்கான ஒருமுறை நல்கைகள். தொடர்ந்து நடப்பதற்கான சம்பளம், மின்கட்டணம், வண்டி வாடகை ஆகியவற்றுக்கு வழி காட்டப்படவில்லை. அதனால் ஒவ்வோர் ஆண்டும் ஏதேனும் புதிதாகத் தொடங்கினால்தான் பழையது உயிரோடு இருக்கும் என்ற நிலைக்கு ஒரு சிறு குழு தள்ளப்படுகிறது.

பண்பாட்டு மையம் ஒன்றைப் புதிதாகக் கட்ட வேண்டும் என்பது வரைவு அறிக்கையின் தலையாய பரிந்துரை. எங்களில் பலருக்கு அது மகிழ்ச்சியைத்தான் தந்தது. கட்டடம் என்றால் கண்ணுக்குத் தெரிகிறது, திறப்பு விழா வைக்க முடிகிறது. நான் எதிர்த்தேன். வட்டாரத்தில் ஏற்கெனவே மூன்று பொதுக் கூடங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் சாவி யாரிடம் இருக்கிறது என்று தேட ஒருமுறை எனக்கு அரைநாள் ஆனது. சாவி வைத்திருந்தவர் அறுவடைக்குப் போயிருந்தார். அவர் மனைவி சாவியை எடுத்துக் கொடுத்து, "ரெண்டு வருஷமா யாருமே கேக்கல" என்றார். திறந்து பார்த்தால் மேடைப் பலகை கறையான் அரித்துக் கிடந்தது; ஒலிபெருக்கிக்கு மின்இணைப்பு இல்லை. இந்தக் கூடத்தைப் பேண ஆள் இல்லாத வட்டாரம், நாலாவதாக ஒரு பெரிய கட்டடத்தை எப்படிப் பேணும்? கணக்கெடுப்பிலேயே இன்னொரு செய்தியும் இருந்தது: ஒளி, ஒலி அமைப்பை இயக்கத் தெரிந்தவர்கள் எங்கள் பகுதி முழுவதற்கும் இருவர் மட்டுமே. மையம் கட்டினால் அதில் விளக்கேற்ற நகரத்திலிருந்து ஆள் வரவழைக்க வேண்டும்.

இந்த வாதத்தை நாங்கள் எழுதி அனுப்பியபோது நிறுவனம் நடந்துகொண்ட விதம் பாராட்டுக்குரியது. தங்கள் களப்பணியாளர்களின் குறிப்புகளே எங்கள் பக்கம் நிற்கின்றன என்பதை ஒப்புக்கொண்டார்கள். இறுதி அறிக்கையில் புதிய மையம் ஏழாம் ஆண்டுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. அதற்குப் பதிலாக, மூன்று கூடங்களையும் செப்பனிடுவதும், ஒவ்வொன்றுக்கும் சம்பளத்தோடு ஒரு பொறுப்பாளரை அமர்த்துவதும், ஆறு இளைஞர்களுக்கு ஒளி, ஒலிப் பயிற்சி அளிப்பதும் முதல் இரண்டு ஆண்டுகளின் வேலையாக வந்தன. வாடிக்கையாளர் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளும் நிறுவனம் என்ற நற்சான்றை இதற்காகத் தருகிறேன். அந்த ஆறு பேரில் நால்வர் இன்றும் எங்களோடு இருக்கிறார்கள்.

வெற்றியை எப்படி அளப்பது என்ற இயலில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. பார்வையாளர் எண்ணிக்கை, நிகழ்ச்சிகளின் எண்ணிக்கை, நுழைவுக் கட்டண வருவாய் ஆகியவையே முதன்மை அளவுகோல்களாக வைக்கப்பட்டன. மக்கள்தொகை குறைந்த வட்டாரத்தில் பார்வையாளர் எண்ணிக்கை ஒருபோதும் நகரத்துக்கு ஈடாகாது. அந்த அளவுகோலில் நாங்கள் எப்போதும் தோற்றுக்கொண்டேதான் இருப்போம். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் இருக்கும் பாரா தீவில் 1981இல், பிள்ளைகள் தங்கள் மரபிசையையும் கேலிக் மொழியையும் கற்காமலே வளர்கிறார்கள் என்ற கவலையில், உள்ளூர்க்காரர்கள் பிள்ளைகளுக்காக ஒரு பயிற்சி விழாவைத் தொடங்கினார்கள். அது பார்வையாளருக்காகத் தொடங்கிய விழாவே அல்ல. கற்பதற்காகக் கூடிய கூட்டம். அதைப் பின்பற்றி ஸ்காட்லாந்து முழுவதும் பல ஊர்களில் இத்தகைய விழாக்கள் இன்று நடக்கின்றன. எத்தனை பேர் கற்கத் தொடங்கினார்கள், எத்தனை பேர் இரண்டாம் ஆண்டும் தொடர்ந்தார்கள், கற்றவர்களில் எத்தனை பேர் பிறருக்குக் கற்பிக்கிறார்கள் என்ற மூன்று எண்களையே நாங்கள் இப்போது எங்கள் ஆண்டறிக்கையின் முதல் பக்கத்தில் எழுதுகிறோம். நல்கை தருபவர்களுக்காக மற்ற எண்கள் பின்னால் வருகின்றன.

சேவையின் ஆகப் பெரிய குறை, அது அறிக்கையை ஒப்படைத்ததோடு முடிந்துவிட்டது என்பதுதான். முதல் ஆண்டு உற்சாகத்தில் ஓடிவிடும். இரண்டாம் ஆண்டில் குழுவின் செயலாளர் வேலை கிடைத்து வெளியூர் போனார். அவர் தலையில் இருந்த பாதித் திட்டமும் அவரோடு போயிற்று. யாரிடம் என்ன ஒப்புக்கொள்ளப்பட்டது, எந்த நல்கைக்கு எந்தக் கணக்கு அனுப்ப வேண்டும் என்று புதியவருக்குச் சொல்லித்தர எவரும் இல்லை. நிறுவனத்தை அழைத்தோம், அது ஒப்பந்தத்துக்கு வெளியே இருப்பதால் தனிக் கட்டணம் என்றார்கள். சட்டப்படி அவர்கள் சொன்னது சரி. அவர்களைக் குறை சொல்வதைவிட, ஒப்பந்தம் எழுதும்போதே நாங்கள் யோசித்திருக்க வேண்டும் என்றுதான் சொல்வேன். தொலைதூர வட்டாரத்தில் ஒருவர் போனால் அந்த இடத்துக்கு வர இன்னொருவர் வரிசையில் நிற்பதில்லை. பொறுப்பு கைமாறும் நாளுக்கான ஏற்பாட்டைத் திட்டத்திலேயே எழுதி வைக்காவிட்டால், அந்தத் திட்டம் ஒரு மனிதரின் இருப்பை நம்பி நிற்கிறது என்று பொருள்.

இந்தச் சேவையைப் பரிந்துரைப்பேனா என்று கேட்டால், ஆம் என்றே சொல்வேன். ஆனால் வேறு வடிவத்தில் வாங்கச் சொல்வேன். கட்டணத்தின் பெரும்பகுதியைக் களக் கணக்கெடுப்புக்கு ஒதுக்கச் சொல்லுங்கள். களப்பணியாளர்களின் பெயர்களை ஒப்பந்தத்திலேயே குறிப்பிடக் கேளுங்கள். அறிக்கை எழுதுபவரும் அவர்களில் ஒருவராக இருக்கட்டும். முன்மாதிரிகள் இயலில் ஒவ்வோர் இடத்துக்கும் தொடங்கிய ஆண்டு, முதல் பத்தாண்டில் யார் பணம் கொடுத்தார்கள், யார் எதிர்த்தார்கள், பிறகு என்ன விலை ஏறியது என்ற நான்கு வரிகளைக் கட்டாயமாக்குங்கள். அச்சுப் பிரதிகளின் எண்ணிக்கையைக் குறைத்து, அந்தப் பணத்தில் இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் தலா ஒரு வாரம் அவர்கள் திரும்பி வந்து தங்க வேண்டும் என்று எழுதுங்கள். அறிக்கையை ஊர்களில் பேசும் மொழியில், சத்தமாகப் படித்தால் புரியும் நடையில் தரச் சொல்லுங்கள். எங்களுக்கு வந்தது அலுவலக நடையில் இருந்தது. முரசு செய்யும் பெரியவரின் பக்கத்தை அவருக்கே நான் வாசித்துக் காட்டி, வரிக்கு வரி விளக்க வேண்டியிருந்தது.

எல்லாவற்றுக்கும் மேலாக, களக்குறிப்புகளும் ஒலிப்பதிவுகளும் உங்களுக்கே உரியவை என்று எழுதி வாங்குங்கள். நாங்கள் அதை மட்டும் தொடக்கத்திலேயே கேட்டு வாங்கியிருந்தோம். அவை இப்போது நூலகத்தின் அலமாரியில், ஊர்வாரியாக உறைகளில் இருக்கின்றன. சென்ற மாதம் முரசு செய்பவரின் உறையை எடுத்தோம். யார் கற்றுக்கொள்கிறார்கள் என்ற கேள்விக்கு எதிரே மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக வெறுமையாக இருந்த இடத்தில், அவருடைய தாழ்வாரத்துக்கு இப்போது வந்துபோகும் இரண்டு பெண்களின் பெயர்களை எழுதி, உறையை மறுபடியும் அதன் இடத்தில் வைத்தோம்.